கிரானைட் தூசி, மொட்டை மாடி வெக்கை: 5070 டிஐ பில்டுக்கு எந்தக் கேபினெட்?

#1 காவேரிப்பட்டணம்_கேமர்

வணக்கம். புது கேமிங் பில்டுக்கு எல்லாம் வாங்கியாச்சு. கேபினெட்டும் கூலரும் மட்டும் பாக்கி.

கையில இருக்கறது: ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கிராபிக்ஸ் கார்டு (மூணு ஃபேன், நீளம் 338 மி.மீ.), பி850 ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 850 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கூலருக்கு 360 ஏஐஓ (பம்பும் 360 மி.மீ. ரேடியேட்டரும் சேர்ந்து வர்ற லிக்விட் கூலர்) போடறதா எண்ணம். கேபினெட்டுக்கு 20,000 வரைக்கும் போவேன். போர்டு மாறும், கார்டு மாறும், கேபினெட் மட்டும் பத்து வருஷம் நிக்கணும். அதனாலதான் இதுல காசைப் பிடிக்க வேணாம்னு இருக்கேன்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிடறேன். கொஞ்ச தூரத்துல கிரானைட் பாலிஷ் போடற யூனிட் இருக்குது. சாயங்காலம் டேபிளைத் துடைச்சு வெச்சா காலையில விரல்ல வெள்ளையா ஒட்டும். ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ. ஏசி கிடையாது. ஏப்ரல், மே வந்தா ராத்திரி பத்து மணிக்கும் சீலிங்லேர்ந்து அனல் இறங்கும்.

லிஸ்ட்ல மூணு இருக்குது: லியான் லி ஓ11 டைனமிக் ஈவோ, ஃப்ராக்டல் நார்த், ஃப்ராக்டல் டாரண்ட். மனசு ஓ11 பக்கம்தான் போகுது. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஜில்லாவுலயும் பில்ட் பண்ணி ஓட்டறவங்க சொல்லுங்க.

#2 கண்ணாடிப்_பிரியன்

ஓ11 ஈவோவே எடுங்க ப்ரோ. இவ்வளவு செலவு பண்ணிப் பில்ட் பண்றவர் அதைக் கண்ணால பாக்கணும்னு ஆசைப்படறது நியாயம்தான்.

அழகுக்காக மட்டும் சொல்லல. ரெண்டு அறை டிசைன், எஸ்எம்பிஎஸும் கேபிளும் பின்னாடி அறைக்குப் போயிடும். முன்பக்கம் போர்டு, கார்டு, ஃபேன் தவிர ஒண்ணும் இருக்காது. கீழே மூணு ஃபேன் போட்டா வெளிக்காத்து நேரா கிராபிக்ஸ் கார்டு வயித்துல அடிக்கும். சாதா டவர்ல அந்த இடத்துல எஸ்எம்பிஎஸ் மூடி இருக்கும், கார்டுக்கு முன்பக்கத்துலேர்ந்து சுத்தி வர்ற காத்துதான் கிடைக்கும். தர்மபுரி டவுன்ல என் ரூம்லயும் ஏசி இல்ல. மணிக்கணக்கா ஆடறேன், டெம்பரேச்சர்ல ஒரு குறையும் இல்ல.

#3 பென்னாகரம்_சர்வீஸ்

தம்பி, ஓ11 நல்ல பெட்டிதான், அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா விலை பாக்கும்போது ஒண்ணைச் சேர்த்துப் பாருங்க. ஓ11 ஈவோ பெட்டியில ஃபேன் ஒண்ணுகூட வராது. கீழே மூணு, பக்கவாட்டுல மூணு, மேலே மூணு, பின்னாடி ஒண்ணுன்னு பத்து ஃபேன் வரைக்கும் இடம் இருக்கு, ஆனா எல்லாம் நீங்கதான் வாங்கணும். கண்ணாடிப்_பிரியன் சொல்ற அந்தக் கீழ் மூணு ஃபேன் இல்லாம அந்தப் பெட்டி ஓடவே கூடாது, ஏன்னா முன்னாடியும் ஒரு பக்கத்துலயும் கண்ணாடி, காத்து கீழேயும் பக்கவாட்டு ஃபேன் வழியாவும்தான் நுழையணும். உருப்படியான ஃபேனா ஆறு, ஏழு வாங்கினா இன்னொரு கேபினெட் காசு போயிடும்.

டாரண்ட்ல முன்னாடி 180 மி.மீ. ஃபேன் ரெண்டு, கீழே 140 மி.மீ. ஃபேன் மூணு, அஞ்சும் பெட்டியோடயே வருது. நார்த்ல முன்னாடி 140 ரெண்டு வரும்.

இன்னொரு கேள்வி. பாலிஷ் யூனிட் தூசின்னு சொன்னீங்களே, காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்கும், ரூம் ஜன்னல் எந்தப் பக்கம்? நான் எந்தப் பில்டா இருந்தாலும் முதல்ல தூசியைத்தான் கேப்பேன், வெக்கையை அப்புறம்தான் கேப்பேன். வெக்கைக்கு ஃபேன் ஸ்பீடை ஏத்திக்கலாம். தூசி உள்ள போய் ஹீட்சிங்க்கோட மெல்லிசுத் தகடுங்க நடுவுல அடைச்சுட்டா எந்த ஸ்பீடும் உதவாது.

#4 காவேரிப்பட்டணம்_கேமர்

ஜன்னல் மேற்குப் பக்கம், யூனிட்டும் அந்தப் பக்கம்தான் அண்ணா. ஆடி மாசக் காத்துல ஜன்னலைத் திறக்கவே முடியாது. ஃபேன் தனியா வாங்கணும்கறதைக் கணக்குல எடுக்கவே இல்ல. இப்ப மூணும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருது.

#5 பாலக்கோடு_மெக்கானிக்கல்

காலேஜ்ல ஃபேன் கணக்கு போட்டிருக்கோம், அதை இங்க வெச்சுப் பாக்கறேன். பெட்டிக்குள்ள ஓடற காத்து எத்தனை டிகிரி சூடேறும்கறதுக்கு ஒரு சுலபமான வாய்ப்பாடு உண்டு: வாட்டை 1.76 ஆல பெருக்கி, நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்து போகுதோ அதால வகுக்கணும்.

5070 டிஐ 300 வாட். 9800எக்ஸ்3டி-க்கு ஏஎம்டி சொல்ற டிடிபி (சூட்டுக் கணக்கு) 120 வாட், கேமிங்ல அவ்வளவு இழுக்காது, இருந்தாலும் முழுசா வெச்சுக்குவோம். மொத்தம் 420. பெட்டி வழியா நிஜமா 60 கன அடிதான் போகுதுன்னா 12 டிகிரி ஏறும். 150 போனா 5 டிகிரி. உங்க ரூம் 36-ல இருந்தா ஒரு பெட்டியில வெளிய வர்ற காத்து 48, இன்னொண்ணுல 41. கார்டும் பிராசஸரும் அந்தக் காத்தை வெச்சுத்தான் தன்னைக் குளிர வெச்சுக்கணும்.

ஃபேன் அட்டையில போட்டிருக்கற கன அடி வெறும் காத்துல அளந்தது. ஃபில்டர், ரேடியேட்டர், கிரில் எல்லாம் தாண்டும்போது பாதிகூட மிஞ்சாம போகலாம். அதனாலதான் முன்பக்கம் திறந்த வலையா இருக்கறது முக்கியம்.

ஏஐஓ போட்டா சூடு குறையும்னு சிலர் நினைக்கறாங்க. அந்த 420 வாட்டும் கடைசியில ரூமுக்குள்ளதான் வரும். ஏசி இல்லாத ரூம்னா சுவத்துல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடறது எந்த ஏஐஓவை விடவும் பலன் தரும்.

#6 அரூர்_எடிட்டர்

பாலக்கோடு தம்பி சொன்ன எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயத்தை நான் வழிமொழியறேன்.

என்னோட கேபினெட் ஃப்ராக்டல் டிஃபைன் 7. உள்பக்கம் முழுக்க சத்தம் உறிஞ்சற அட்டை ஒட்டியிருக்கும், முன்கதவு மூடியே இருக்கும். கல்யாண வீடியோ எடிட் பண்றேன், பக்கத்து ரூம்ல குழந்தை தூங்குது, எனக்கு அமைதிதான் முதல் தேவை. ஏசி ரூம், கார்டும் சின்னது. எனக்கு அது பிரமாதமா இருக்குது. ஆனா உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன் தம்பி. மூடின முன்கதவு, ஏசி இல்லாத மாடி ரூம், 300 வாட் கார்டு, மூணும் ஒண்ணா ஒத்து வராது. உள்ள சூடேறினா ஃபேன் வேகமா சுத்தும், அப்ப அந்த அட்டை ஒட்டியும் சத்தம் வெளிய வரத்தான் செய்யும்.

சத்தம் குறையணும்னா பெரிய ஃபேன் மெதுவா சுத்தறதுதான் நல்ல வழி. 180 மி.மீ. ஃபேன் ஒரு நிமிஷத்துல 600, 700 சுத்துல தள்ளற காத்தைத் தள்ள 120 மி.மீ. ஃபேன் ரெண்டு மடங்குக்கு மேல சுத்தணும். கேமர்ஸ் நெக்ஸஸ் மாதிரி சேனல்கள்ல எல்லாக் கேபினெட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வந்து டெம்பரேச்சர் அளக்கறாங்க. அந்த வரிசையைப் பாருங்க, முழு ஸ்பீடுல ஓட்டின வரிசையைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. நடு ராத்திரி வீட்டுல யாரும் முழு ஸ்பீடுல ஓட்டறதில்ல.

#7 ஓசூர்_தகடு

எனக்கு ஓசூர்ல தகடு வேலை. வெட்டறது, மடிக்கறது, பவுடர் கோட்டிங் வரைக்கும். கேபினெட் பத்தி யாராச்சும் கேட்டா கை சும்மா இருக்காது, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

ஸ்பெக் ஷீட்ல ஸ்டீல்னு ஒத்தை வார்த்தை போட்டிருப்பாங்க. 3,000 ரூபா பெட்டியில அது 0.5 மி.மீ. தகடா இருக்கும், நல்ல பெட்டியில 0.8, சில இடத்துல 1 மி.மீ. வித்தியாசம் நூல் அளவுதான், ஆனா தகட்டோட விறைப்பு தடிமனோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். 0.5-க்கும் 1-க்கும் நடுவுல எட்டு மடங்கு. மெல்லிசுத் தகட்டுல ஃபேன் அதிர்வு ஏறினா பெட்டியே உறும ஆரம்பிக்கும். ஃபேன் சத்தம்னு நினைச்சு ஃபேனை மாத்துவாங்க, சத்தம் போகாது.

கடையில நேர்ல பாத்தா இதெல்லாம் செய்யுங்க. பக்கவாட்டுத் தகட்டோட நடுவுல கட்டை விரலால அமுக்குங்க. உள்ள போய் டொக்குனு திரும்பினா வேணாம். காலிப் பெட்டியோட எதிரெதிர் மூலையைப் பிடிச்சு லேசாத் திருகிப் பாருங்க, ஆடாம இருக்கணும். போர்டு உக்கார்ற தகட்டோட ஓரத்துல கண்ணை வெச்சு நீளவாக்குல பாருங்க. வில் மாதிரி வளைஞ்சிருந்தா போர்டைத் திருகும்போது போர்டும் வளையும். போர்டுக்கு அடியில வர்ற பித்தளைக் குமிழ்ல திருகு கையாலயே நேரா இறங்கணும். மரை பிசகியிருந்தா அங்கயே தெரிஞ்சுடும். பின்பக்கம் பிசிஐ மூடி (கார்டு சொருகற இடத்தை அடைக்கற தகடு) திருகு போட்டுக் கழட்டறதா, இல்ல பிச்சு எறியறதான்னு பாருங்க. பிச்சு எறியற மூடி இருந்தாலே அது பத்து வருஷப் பெட்டி இல்ல. உள்பக்க ஓரம் எல்லாம் விரலை ஓட்டுங்க. மடிச்சு விட்டிருந்தா வழுக்கும், வெட்டின மேனிக்கு விட்டிருந்தா கீறும்.

இந்த மூணு பெட்டியும் இதுல எல்லாம் தேறிடும். நார்த்தோட முன்பக்கத்துல இருக்கற மரச்சட்டம் நிஜமான மரம். கறுப்புப் பெட்டிக்கு வால்நட், வெள்ளைக்கு ஓக். பாக்க அவ்வளவு லட்சணமா இருக்கும். எனக்கு மூணுல அதுதான் பிடிச்சது.

#8 காவேரிப்பட்டணம்_கேமர்

ஓசூர்_தகடு அண்ணா, இந்த மாதிரி யாரும் எழுதி நான் படிச்சதில்ல. பிரின்ட் எடுத்து வெச்சுக்கறேன். நார்த் எனக்கும் பிடிச்சுத்தான் இருக்குது. சைஸும் அடக்கம், 447க்கு 215க்கு 469 மி.மீ. என் டேபிளுக்கு அதுதான் கச்சிதம். 360 ஏஐஓ போட்டா சரியா வருமா?

#9 பென்னாகரம்_சர்வீஸ்

வராது தம்பி. டேப்பை எடுங்க, கணக்கு இதோ.

நார்த்ல மேலே 240 ரேடியேட்டர்தான் போகும். 360 போடணும்னா முன்பக்கம்தான். முன்பக்கம் ஃபேன் இருக்கும்போது கார்டுக்கு இடம் 355 மி.மீ. அதுல 27 மி.மீ. ரேடியேட்டரை நுழைச்சா மிச்சம் 328. உங்க கார்டு 338. பத்து மி.மீ. உதைக்குது. சில ஏஐஓல ரேடியேட்டர் 38 மி.மீ. தடிமன், அதுன்னா இன்னும் மோசம்.

எல்லாரும் கேபினெட்டோட நீள அகல உயரத்தைப் பாப்பாங்க. பாக்க வேண்டியது உள்ள இருக்கற மூணு அளவு: கார்டு நீளம், கூலர் உயரம், ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்த தடிமன். இந்த மூணும் ஒண்ணை ஒண்ணு தின்னும். தனித்தனியா பாத்தா எல்லாமே போகும்னு போட்டிருக்கும், சேர்த்து வெச்சா போகாது. அப்புறம் கார்டோட பவர் கேபிள். 12 வோல்ட் 16 பின் கனெக்டர்லேர்ந்து கேபிள் ஒரு 35 மி.மீ.யாவது நேரா வந்துட்டுத்தான் வளையணும். கண்ணாடிக் கதவை அமுக்கி மூடற நிலைமை வந்தா கனெக்டர் சாஞ்சு, பின் சரியா தொடாம, அங்கயே சூடேறி உருகும். கார்டோட அகலத்துல அந்த 35-ஐயும் கூட்டிப் பாருங்க.

#10 பாலக்கோடு_மெக்கானிக்கல்

டாரண்ட் காம்பாக்ட்னு ஒண்ணு இருக்குதே, முன்னாடி அதே ரெண்டு 180 ஃபேன். டேபிள் சின்னதுன்னா அது?

#11 பென்னாகரம்_சர்வீஸ்

அதுல கார்டுக்கு 330 மி.மீ.தான். எட்டு மி.மீ. இடிக்கும். கார்டு இன்னும் வாங்காதவங்களுக்குன்னா அருமையான பெட்டி.

#12 கண்ணாடிப்_பிரியன்

அப்ப பெரிய டாரண்ட்ல 360 ஏஐஓ எங்க போடுவாரு? அதுல எஸ்எம்பிஎஸ் மேலே இருக்குது, மேல்பக்கம் ரேடியேட்டருக்கு இடமே கிடையாது. முன்னாடி போட்டா அந்த 180 ஃபேன் ரெண்டையும் கழட்டணும். எதுக்காக அந்தப் பெட்டியை வாங்கறோமோ அதையே கழட்டி அலமாரியில வெக்கறதா? கீழே போட்டா பம்ப் ரேடியேட்டரை விட உயரத்துல வந்துடும், லூப்ல இருக்கற காத்துக் குமிழ் எல்லாம் பம்புக்குள்ள போய்ச் சேரும், கரகரன்னு சத்தம், பம்ப் ஆயுசும் குறையும். ஓ11-ல மேலேயும் போடலாம், பக்கவாட்டுலயும் போடலாம். ஏஐஓ வேணும்னு அவரே சொல்லியிருக்காரு, அதையும் பாக்கணும்ல.

#13 அரூர்_எடிட்டர்

நல்ல கேள்வி. என் பதில்: ஏஐஓவே வேணாம்.

9800எக்ஸ்3டி-க்கு நல்ல டவர் ஏர் கூலர் தாராளமா போதும். கேமிங்ல அந்தச் சிப் அவ்வளவு சூடாகறதில்ல. ஏர் கூலர்ல கெடக்கூடியது ஃபேன் ஒண்ணுதான், அதை நாமே மாத்திக்கலாம். ஏஐஓல பம்ப் போனா மொத்தமும் போச்சு. வாரன்டிக்கு அனுப்பிட்டு நம்ம ஊர்ல உக்காந்து காத்திருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும். வேலை நின்னுடும். பத்து வருஷம்னு சொன்னீங்களே தம்பி, எந்த ஏஐஓவும் பத்து வருஷம் ஓடும்னு நம்பி வாங்காதீங்க.

ஏஐஓவுக்கு எடுத்து வெச்ச காசுல நல்ல ஏர் கூலர் வாங்கினது போக மிச்சம் வரும், அதைக் கேபினெட்ல போடுங்க.

#14 ஓசூர்_தகடு

அக்கா சொல்றது சரி. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்குது. மே மாசத்துலயும் ராத்திரி ஜன்னலைத் திறந்தா குளு குளுன்னு காத்து வரும். நான் இங்க மூடின கேபினெட் வெச்சு நிம்மதியா ஓட்டறேன். ஆன்லைன்ல ரிவ்யூ படிக்கும்போதும் இதை மறக்கக்கூடாது. அங்க 21, 22 டிகிரி ரூம்ல வெச்சு அளப்பாங்க. காவேரிப்பட்டணம் மாடி ரூம்ல அதுக்கு மேல 14, 15 டிகிரியை அப்படியே கூட்டிக்கணும். அங்க 70-ல நிக்கற கார்டு இங்க 85-ல நிக்கும்.

#15 பென்னாகரம்_சர்வீஸ்

தூசிக்கு வர்றேன், இதுவரைக்கும் யாரும் முழுசாத் தொடல.

உள்ள இழுக்கற காத்து வெளிய தள்ளற காத்தை விட ஜாஸ்தியா இருந்தா பெட்டிக்குள்ள அழுத்தம் கொஞ்சம் கூடும். அப்ப எல்லாச் சந்து பொந்து வழியாவும் காத்து வெளியதான் போகும். உள்ள வர்ற காத்து ஃபில்டர் இருக்கற வழியில மட்டும் வரும். இதை மாத்தி, வெளிய தள்ளற ஃபேனை நிறையப் போட்டா ஒவ்வொரு இடுக்குலேர்ந்தும் தூசியை உறிஞ்சும், ஃபில்டர் சும்மா உக்காந்திருக்கும். டாரண்ட்ல வர்ற அஞ்சு ஃபேனும் உள்ள இழுக்கறதுதான், வெளிய தள்ள ஒண்ணுகூட இல்ல. காத்து பின்பக்க வலை வழியா தானா வெளியேறும். தூசி ஊர்க்காரங்களுக்கு இதை விடத் தோதான அமைப்பு இல்லன்னு நான் சொல்வேன்.

உங்க பெட்டி எப்படி இருக்குன்னு தெரியணுமா? ஊதுவத்தி ஒண்ணைக் கொளுத்தி, எல்லா ஃபேனும் ஓடும்போது பின்பக்க பிசிஐ மூடிக்கிட்ட பிடிங்க. புகை உங்க பக்கமா தள்ளிக்கிட்டு வந்தா சரி. உள்ள இழுத்துக்கிட்டா முன்பக்க ஃபேன் ஸ்பீடை ஏத்துங்க, இல்ல பின்பக்கத்தைக் குறைங்க. யூஎஸ்பி ஓட்டை, தகடு சேர்ற இடம்னு சுத்திப் பிடிச்சுப் பாத்தா எங்க இழுக்குதுன்னு தெரிஞ்சுடும்.

கிரானைட் தூசி பருத்திப் பஞ்சு மாதிரி ஃபில்டர் மேல மெத்தையாத் தங்காது. மாவு மாதிரி நைசா இருக்கும், கொஞ்சம் வலையையும் தாண்டும். அதனால ஃபில்டர் கழட்ட சுலபமா இருக்கணும். திருகு கழட்டித்தான் ஃபில்டர் எடுக்கணும்னா யாரும் எடுக்க மாட்டாங்க. தண்ணியில அலசி நிழல்ல நல்லாக் காய வெச்சு மாட்டுங்க. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கங்க. காத்துல தாறுமாறா சுத்த விட்டா பேரிங் போகும்.

பெட்டியைத் தரையில வெக்காதீங்க. கூட்டும்போது எழும்பற தூசி முழுக்க அந்த உயரத்துலதான் திரியும். கீழே இழுக்கற ஃபேன் இருக்கற பெட்டிக்கு இது ரொம்ப முக்கியம். ஸ்டூல் போட்டு ஓரடி உயரத்துல வெச்சாலே போதும்.

பல்லி ஒண்ணு பாக்கி. பின்பக்கம் மூடி இல்லாத பிசிஐ ஸ்லாட் ஒண்ணு இருந்தா போதும், சூட்டுக்குப் பல்லி உள்ள வந்து குடியேறும். செத்து ஒட்டின பல்லியோட எத்தனையோ போர்டு, எஸ்எம்பிஎஸ் என் மேஜைக்கு வந்திருக்குது. கார்டு மாத்தும்போது கழட்டின மூடியைத் தூக்கிப் போடாதீங்க, பத்திரமா வெச்சுத் திரும்ப மாட்டுங்க.

#16 கண்ணாடிப்_பிரியன்

அண்ணா சொன்ன ஊதுவத்தி டெஸ்ட் செஞ்சு பாத்தேன். எனக்கு மேலே மூணு, பின்னாடி ஒண்ணு தள்ளுது. கீழே மூணு, பக்கவாட்டுல மூணு இழுக்குது. புகை வெளியதான் வந்துச்சு. ஓ11-லயும் இதைச் செய்யலாம்கறதை மட்டும் பதிவு பண்ணிக்கறேன். டவுன்ல இருக்கற என் வீட்டுக்கு அது போதும். பாலிஷ் யூனிட் பக்கத்துல இருக்கற வீட்டுக்கு டாரண்ட் மேல்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா இடம்? டாரண்ட் 544க்கு 242க்கு 530. அதுக்குன்னு தனியா இடம் வேணும்.

#17 காவேரிப்பட்டணம்_கேமர்

அளந்து பாத்தேன். டேபிள் ஆழம் 600. பெட்டி 544 போக பின்னாடி கேபிள் வளைய இடம் பத்தாது, டேபிள் மேல வராது. பக்கத்துல சுவர் ஓரமா ஸ்டூல் போட்டா பின்பக்கம் அரை அடிக்கு மேல விட்டு வெக்கலாம். மேற்கு ஜன்னலுக்கு எதிர் மூலை அது.

பழைய கேபினெட்டைத் தொட்டா சில சமயம் சுர்ருனு இருக்கும். நல்ல கேபினெட் வாங்கினா அது போயிடுமா?

#18 பென்னாகரம்_சர்வீஸ்

போகாது. அது கேபினெட் குறை இல்ல, உங்க வீட்டு எர்த் குறை. புதுப் பெட்டி வர்றதுக்கு முன்னாடி இதைச் சரி பண்ணுங்க, கேபினெட் எதுன்னு பேசறதை விட இது அவசரம்.

எஸ்எம்பிஎஸ் உள்ள இரைச்சலை வடிகட்ட ரெண்டு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். ஒண்ணு ஃபேஸ்லேர்ந்து பாடிக்கு, இன்னொண்ணு நியூட்ரல்லேர்ந்து பாடிக்கு. எர்த் நல்லா இருந்தா அதுல கசியற கொஞ்சம் கரண்ட் மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லன்னா பாடி நடுவுல தொங்கி நிக்கும், 230-ல பாதி, 115 வோல்ட் கிட்ட. கரண்ட் ரொம்பச் சொற்பம், அதனால சுர்ருனு மட்டும் தெரியுது. ஆனா நாளைக்கு நிஜமாவே உள்ள ஒரு ஒயர் பாடியில பட்டா அந்தக் கரண்ட் போக வழி உங்க கைதான். அதுதான் ஆபத்து. யூஎஸ்பி, மானிட்டர் போர்ட் போறதும் பல வீட்டுல இதனாலதான்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூணு பின் சாக்கெட்ல மீட்டர் வெக்கச் சொல்லுங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 230 காட்டணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல 2, 3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். நம்ம கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் அடியில பாறை. கோடையில எர்த் குழி காஞ்சு போனா கம்பி இருந்தும் எர்த் இருக்காது. கரி, உப்பு போட்டுக் குழியை ஈரமா வெக்கணும். சாக்கெட்ல பச்சை ஒயரே மாட்டாத வீடும் நிறைய இருக்குது, அதையும் திறந்து பாக்கச் சொல்லுங்க.

#19 காவேரிப்பட்டணம்_கேமர்

சாக்கெட்டைத் திறந்து பாத்தாச்சு. ரூம்ல பச்சை ஒயர் வந்திருக்குது, சாக்கெட்ல மாட்டாம சுருட்டி உள்ள வெச்சிருக்காங்க. மாட்டினதும் சுர்ருனு இருந்தது நின்னுச்சு. மீட்டர்லயும் நீங்க சொன்ன அளவு காட்டுது. ரொம்ப நன்றி அண்ணா.

கேபினெட் டாரண்ட்னு முடிவாயிடுச்சு. ஏர் கூலர்தான், ஏஐஓ இல்ல. பெங்களூரு எஸ்.பி. ரோடு போய் வாங்கறதா, ஆன்லைன்ல போடறதா?

#20 ஓசூர்_தகடு

நேர்ல பாத்துத் தட்டிப் பாக்கணும்னா எஸ்.பி. ரோடு. ஆனா போறதுக்கு முன்னாடி போன் பண்ணி ஸ்டாக் இருக்குதான்னு கேளுங்க. டாரண்ட் மாதிரி பெரிய பெட்டியை எல்லாக் கடையிலும் அடுக்கி வெக்க மாட்டாங்க. சேலத்துலயும் விசாரிச்சுப் பாக்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டியோட முறையான பில் வாங்குங்க. பில் இல்லாம கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்னு சொன்னா வேணாம், வாரன்டிக்கு அந்தப் பேப்பர்தான் பேசும்.

கொண்டு வர்றதுதான் சிரமம். காலிப் பெட்டியே பதினொரு கிலோ போல இருக்கும், அட்டைப்பெட்டி இன்னும் பெருசு. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, பஸ்தான். டிக்கியில போட்டா ஒவ்வொரு வேகத்தடையிலும் குதிக்கும். தெரிஞ்சவங்க கார்ல வந்தா பின் சீட்டுல படுக்க வெச்சுக் கொண்டு வாங்க. இல்லாட்டி ஆன்லைன்ல போட்டு, பிரிக்கறதை ஆரம்பத்துலேர்ந்து நிறுத்தாம வீடியோ எடுங்க. கண்ணாடி உடைஞ்சு வந்தா அந்த வீடியோ இல்லாம பேச முடியாது.

#21 அரூர்_எடிட்டர்

டாரண்ட்ல கண்ணாடி இல்லாம ரெண்டு பக்கமும் தகடு போட்டதும் கிடைக்குது. கண்ணாடி வேணும்னு மனசு இருந்தா தாராளமா எடுங்க, ஆனா ஒண்ணு. டெம்பர்டு கண்ணாடியை முகத்துல தட்டினா உடையாது, ஓரத்துல இடிச்சா மொத்தமும் பொடிப்பொடியாக் கொட்டிடும். டைல்ஸ் தரை அதுக்கு எமன். கண்ணாடியைக் கழட்டினதும் டைல்ஸ் மேல மூலை படற மாதிரி சாத்தி வெக்காதீங்க. கட்டில் மேல போர்வையில படுக்கப் போடுங்க.

#22 காவேரிப்பட்டணம்_கேமர்

தகடு போட்டதே எடுக்கறேன் அக்கா. தூசி ஊர்ல கண்ணாடியைத் தினமும் துடைக்கற வேலையும் மிச்சம். தெரிஞ்சவர் ஒருத்தர் பெங்களூர்லேர்ந்து கார்ல வர்றார், அவர்கிட்ட சொல்லியாச்சு. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் ஆள் பாத்துட்டேன், கிழக்குச் சுவத்துல ஓட்டை போடறாங்க.

கூலர் மட்டும் கேட்டுக்கறேன். நொக்டுவா என்எச்-டி15 பாத்து வெச்சிருக்கேன். என் ராம் கொஞ்சம் உயரம், விளக்கு வெச்ச மாடல், 44 மி.மீ. முட்டுமா?

#23 பென்னாகரம்_சர்வீஸ்

கேட்டது நல்லது. அந்தக் கூலர் உயரம் 165. ரெண்டு ஃபேனும் போட்டா முன் ஃபேனுக்கு அடியில ராமுக்கு 32 மி.மீ.தான் இடம். உங்க ராம் 44, பன்னிரண்டு ஜாஸ்தி. முன் ஃபேனோட கம்பிக் கொக்கியைக் கழட்டி, ஃபேனைப் பன்னிரண்டு மி.மீ. மேலே தூக்கித் திரும்ப மாட்டணும். அப்ப மொத்த உயரம் 177 ஆகும்.

டாரண்ட்ல கூலருக்கு 188 வரைக்கும் இடம் இருக்கு, கதவு தாராளமா மூடும். நார்த்ல 170, ஓ11 ஈவோல 167. அந்த ரெண்டுலயும் இதே கூலரையும் இதே ராமையும் வெச்சுக் கதவை மூட முடியாது. போர்டைப் பெட்டிக்குள்ள இறக்கறதுக்கு முன்னாடி கூலரை வெளியவே மாட்டிடாதீங்க, எட்டு பின் பிராசஸர் கேபிளுக்குக் கை போகாது. முதல்ல அந்தக் கேபிளை இழுத்துச் சொருகுங்க, அப்புறம் கூலர், கடைசியா கார்டு.